பாலிகை நெல்

என் மகள் இலக்கியாவின் கல்யாணத்தில் எனக்கென்று ஒதுக்கப்பட்ட வேலை, நவதானியத்தை ஊற வைப்பது. பத்து மாதம் சுமந்து பெற்று, சளி பிடித்தால் ராத்திரி முழுக்க மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, எம்.இ. வரை படிக்க வைத்தவளுக்கு அடுப்படியில் ஒரு குண்டான், ஒரு சொம்புத் தண்ணீர்.

"நீ ஊற மட்டும் வச்சிடு லேகா. தெளிக்கறத நாங்க பாத்துக்கறோம்" என்றார் என் நாத்தனார் தில்லையம்மாள்.

அவர் என் கணவருக்கு மூத்தவர். புவனகிரிப் பக்கம் அரிசி மில் வைத்திருக்கும் வீட்டில் வாழ்க்கைப்பட்டவர். கல்யாண வேலைக்காகக் கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கிய நிமிஷத்திலிருந்து வீடே அவர் கைக்குப் போய்விட்டது. உப்பு எந்த அலமாரியில் இருக்கிறது என்று நானே அவரைக் கேட்க வேண்டியிருந்தது.

எங்கள் குடும்பத்தில் கல்யாணத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது பந்தக்கால் நட்டு, அன்றைக்கே பாலிகை தெளிப்பார்கள். ஐந்து மண் கிண்ணங்களில் எருவும் மண்ணும் கலந்து நிரப்பி, ஊறிய நவதானியத்தைத் தூவித் தண்ணீர் விடுவார்கள். தாலி கட்டும் நேரத்தில் அது பச்சைப்பசேல் என்று முளைத்து மணவறைக்கு முன்னால் இருக்க வேண்டும். நன்றாக முளைத்தால் பெண் நன்றாக வாழ்வாள். முளைக்காவிட்டால் என்ன என்று யாரும் சொல்வதில்லை, அந்த இடத்தில் பேச்சை இழுத்து நிறுத்திவிடுவார்கள். தெளிப்பவர்கள் சுமங்கலிகளாக இருக்க வேண்டும். நான் இல்லை. கொரோனா இரண்டாவது அலையில் என் கணவர் இளவரசு போய்விட்டார்.

எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. கடலூரில் மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். ஈரமும் காற்றும் போதிய சூடும் கிடைத்தால் உயிருள்ள விதை எவள் தூவினாலும் முளைக்கும் என்று வருஷா வருஷம் கரும்பலகையில் எழுதிப் போடுகிறவள். தூவுகிறவள் நெற்றியில் குங்குமம் இருக்கிறதா என்று விதை எட்டிப் பார்ப்பதில்லை. இதெல்லாம் தெரிந்தும், என் பெண்ணின் பாலிகையில் என் கையால் ஒரு பிடி தூவ வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ரொம்ப ஆசையாக இருந்தது.

தானியங்களைத் தில்லையம்மாள் அண்ணியே கொண்டுவந்திருந்தார். பயறு வகையெல்லாம் கடையில் வாங்கியது. நெல் மட்டும் அவர் மில்லிலிருந்து. எல்லாவற்றையும் கலந்து மங்கலமாக மஞ்சள் பூசி வைத்திருந்தார். குண்டானில் கொட்டி, தண்ணீர் விட்டு, சம்பிரதாயத்துக்கு ஒரு கரண்டிப் பாலும் ஊற்றினேன். விதைக்குப் பால் எதற்கு என்று வாய் வரை வந்தது, விழுங்கிக்கொண்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தபோது மொச்சையின் தோல் சுருங்கிப் பொருமி, இஸ்திரி போடாத சட்டை மாதிரி இருந்தது. உறைதான் முதலில் தண்ணீரைக் குடித்து உப்பும். உள்ளே இருக்கும் பருப்பு பின்னால்தான் ஊறி அதை நிரப்பும். அந்தச் சுருக்கத்தைப் பார்த்ததும் நான் அடுப்படியில் இல்லை. அண்ணாமலை நகரில், பல்கலைக்கழகத் தாவரவியல் ஆய்வுக்கூடத்தில், ஜன்னலோர மேசையில் இருந்தேன்.

எம்.எஸ்ஸி. படிக்க முதுநகர் ஜங்ஷனில் பாசஞ்சர் ஏறி தினமும் சிதம்பரம் போய்க்கொண்டிருந்த காலம் அது. ஆய்வுக்கூடத்தில் மேசைக்கு இரண்டு பேர். என் மேசைக்கு வாய்த்தவன் இளவரசு. அப்போது அவன்தான், தாலி கட்டிய பிறகு ஊருக்குப் பயந்துதான் அவர் ஆனார். ஊறிய மொச்சையைக் கொடுத்து உள்ளமைப்பைப் பார்த்து வரையச் சொல்வார்கள். இவன் பாதி மொச்சையை வாயில் போட்டுக்கொள்வான். மீதியை நான் ஒளித்து வைத்து இரண்டு பேருக்கும் சேர்த்துப் பாடம் பார்க்க வேண்டும்.

மொச்சையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு தழும்பு இருக்கும். காய்க்குள் இருந்தபோது தாய்ச்செடியோடு ஒட்டிக்கொண்டிருந்த இடம் அது. நமக்குத் தொப்புள் மாதிரி. அந்தத் தழும்பை ஒட்டி ஊசி முனை அளவுக்கு ஒரு துளை. ஊறிய விதையை மெல்ல அழுத்தினால் அந்தத் துளை வழியாக ஒரு துளித் தண்ணீர் எட்டிப் பார்க்கும்.

"அழுவுது பாரு. நீ திட்டனதுல அழுவுது" என்றான் இளவரசு.

தோலை உரித்தால் உள்ளே இரண்டு வித்திலைகள், புத்தகம் மாதிரி மூடியிருக்கும். பிரித்தால் ஓரத்தில் ஒரு சின்ன உயிர் சுருண்டு கிடக்கும். கீழே போக வேண்டிய முளைவேர் ஒரு பக்கம், மேலே போக வேண்டிய முளைக்குருத்து ஒரு பக்கம். குருத்தில் மடித்து வைத்த இரண்டு இலைகூட லென்ஸில் தெரியும். முதல் தடவை அதைப் பார்த்தபோது எனக்கு மேல் சிலிர்த்துப் போனது. இத்தனையையும் தயாராக வைத்துக்கொண்டு, தண்ணீர் வரட்டும் என்று ஒன்றுமே தெரியாதது போல் உட்கார்ந்திருக்கிறதே என்று தோன்றியது.

ஒரு நாள் கண்ணாடிக் குடுவையில் உறிஞ்சுதாளைச் சுற்றி, தாளுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மொச்சைகளைத் தலைகீழாகச் செருகி வைத்தான். அடுத்த வாரம் கொண்டுவந்து காட்டினான். மேலே பார்க்க வைத்த வேரெல்லாம் வளைந்து திரும்பிக் கீழே போயிருந்தது.

"எப்டி வச்சாலும் அது போற பக்கம்தான் போவும். நானும் அப்டித்தான், எந்த டேபிள்ல போட்டாலும் இந்த டேபிளுக்குத்தான் வருவேன்" என்றான்.

"புவியீர்ப்புக்குப் பேரு காதலா? வைவாவுல இதையே சொல்லு, மார்க் போடுவாங்க" என்றேன். அன்றைக்கு ரயிலில் முதுநகர் வரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. எதிரே உட்கார்ந்திருந்த கூடைக்காரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

இதையெல்லாம் நினைத்துக்கொண்டு குண்டானை மூடி வைத்தேன். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஐந்து சுமங்கலிகள் பட்டுப்புடவையில் வந்தார்கள். அண்ணிதான் முதல் பிடி தூவினார். நான் அடுப்படி வாசலில் கையில் கரண்டியோடு நின்றேன். கரண்டிக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. கையைச் சும்மா வைத்துக்கொள்ளத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

இலக்கியா எழுந்து நேரே என்னிடம் வந்துவிட்டாள். "நீ தெளிக்காத பாலிகை எனக்கு எதுக்கும்மா? நான் அத்தைகிட்ட கேக்கறேன்."

"வாய மூடிக்கினு போய் ஒக்காரு. கல்யாணப் பொண்ணு நீ, வக்கீல் இல்ல" என்று துரத்தினேன். அவள் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் நான் அங்கேயே உடைந்திருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பயறெல்லாம் மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்துவிட்டது. பச்சைப்பயறு முதலில் தலையைக் காட்டாது, முதுகைத்தான் காட்டும். தண்டு கொக்கி மாதிரி வளைந்து மண்ணை முட்டித் திறக்கும். பிறகுதான் பின்னால் மெதுவாகத் தலையை இழுத்துக்கொண்டு நிமிரும். முதலிலேயே தலையை நீட்டினால் குருத்து மண்ணில் உரசிக் கிழிந்து போகும். கொள்ளு, எள், உளுந்து எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. துவரையோ தன் பருப்பை மண்ணுக்குள்ளேயே வைத்துவிட்டுக் குருத்தை அனுப்பியது. நெல் வரவில்லை.

நெல்லுக்குக் கொஞ்சம் நேரம் ஆகும் என்று சொன்னேன். திங்கட்கிழமையும் ஐந்து கிண்ணத்திலும் ஒரு நெல் முனைகூடத் தெரியவில்லை. பாலிகையில் நெல்தான் பிரதானம். மற்றது எப்படி வந்தாலும் நெல் வராமல் போனால் ஊர் பேசும். அன்று பூ கட்ட வந்திருந்த உறவுக்காரப் பெண்கள் கிண்ணத்தைப் பார்த்தார்கள், ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"தெளிச்சது என்னவோ நல்ல கைங்கதான். ஊற வச்சது யாரு?" என்று ஒருத்தி கேட்டாள்.

பக்கத்தில் நின்ற அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லோருக்கும் தெரியும். எனக்கு உச்சந்தலை வரைக்கும் சூடு ஏறியது. என்னைத் தெளிக்க விடாதது போதாதென்று, முளைக்காததற்கும் என் கைதான் காரணமாம். வருகிற வெள்ளிக்கிழமை சிதம்பரத்துக் கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் இந்தக் கிண்ணங்களை வைப்பார்கள். அங்கேயும் இதே கேள்வி வரும். என் பெண்ணுக்கு நாளைக்குத் தலை வலித்தால்கூட அதற்கும் பதில் தயாராக இருக்கும்.

அவர்கள் போன பிறகு சாமி அறைக்குள் போய், ஒரு கிண்ணத்தின் ஓரத்தை விரலால் கிளறி ஒரு நெல்லை எடுத்தேன். மஞ்சள் கரைந்து போயிருந்தது. கழுவி, பழைய பிளேடால் நீளவாக்கில் வெட்டினேன்.

நெல்லை வெட்டுவதும் அந்த மேசையில் கற்றதுதான். நெல்லில் கிட்டத்தட்ட முழுக்க மாவுதான், நாம் சோறாக்கித் தின்பது. அடி ஓரத்தில் சாய்ந்தாற்போல் துளியூண்டு கரு. அரிசியாகத் தீட்டும்போது அந்தக் கரு உதிர்ந்துவிடும். எந்த அரிசியை எடுத்துப் பார்த்தாலும் ஒரு முனையில் சின்னதாக ஒரு பள்ளம் இருக்கிறதே, கரு இருந்த இடம் அது. "இம்மாம் பெரிய சோத்து மூட்டைய வச்சிக்கினு, ஒரு மூலையில ஒடுங்கிக் குந்திக்கினு கீது பாரு. ஆஸ்டல்ல எங்க வார்டன் மாதிரி" என்பான் இளவரசு. வெட்டிய நெல்லில் மாவு வெள்ளை வெளேரென்று இருக்க வேண்டும்.

இந்த நெல்லில் மாவு வெள்ளையாக இல்லை. கண்ணாடி மாதிரி இருந்தது. கரு இருந்த மூலை பழுத்த நிறத்தில் செத்துக் கிடந்தது. இன்னும் நாலைந்து எடுத்து வெட்டினேன். எல்லாம் அதே கதை. அவித்த நெல். புழுங்கல் அரிசிக்காக ஊற வைத்து, ஆவியில் அவித்து, களத்தில் காய வைத்த நெல். உமி போட்டுக்கொண்டு பார்ப்பதற்கு நெல்லாகத்தான் இருக்கும், உள்ளே உயிர் இருக்காது.

அண்ணி களத்தில் காய்ந்துகொண்டிருந்ததில் அழகானதாகப் பார்த்து அள்ளி வந்திருக்கிறார். மில்லுக்காரர்களுக்கு நெல் என்றால் அரிசி. முளைக்குமா என்று அங்கே யார் கேட்டார்கள்? நானும் மஞ்சள் பூச்சைப் பார்த்து ஏமாந்திருக்கிறேன்.

வெட்டிய நெல்லைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். பொய் சொல்ல மாட்டேன், சந்தோஷமாக இருந்தது. கூடத்தில் எல்லோர் முன்னாலும் தட்டை நீட்டி, 'ஊற வச்ச கைல கோளாறு இல்ல, அள்ளின கைலதான்' என்று சொல்ல வேண்டும். வார்த்தைகளை அடுக்கியே வைத்துவிட்டேன்.

கதவைத் தாண்டுவதற்குள் அண்ணி உள்ளே வந்தார். கதவோரம் நின்ற என்னைக் கவனிக்கவில்லை. நேரே கிண்ணங்களின் முன்னால் போய்த் தரையில் உட்கார்ந்தார். முழங்கால் வலியால் தரையில் உட்காருவதையே விட்டவர்.

"டேய் எளவரசு. ஒம் பொண்ணுடா. அவளுக்கு ஒண்ணும் ஆவக் கூடாதுடா. நீதான் எதனா பண்ணணும்" என்று கிண்ணத்தைப் பார்த்துச் சொன்னார். புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அழுதார்.

அடுக்கி வைத்த வார்த்தைகள் எல்லாம் எங்கே போயின என்று தெரியவில்லை. தட்டை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு சத்தமில்லாமல் வெளியே வந்தேன். இளவரசு இறந்ததிலிருந்து அவரைக் கூப்பிட்டுப் பேசுகிறவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே ஆட்டோ பிடித்து திருப்பாதிரிப்புலியூரில் விதைக் கடைக்குப் போனேன். மூட்டையாகத்தான் தருவோம் என்றார் கடைக்காரர். அவர் மகனுக்குப் பாடம் எடுத்த கதையைச் சொல்லி இரண்டு பிடி விதைநெல் வாங்கி வந்தேன். ஒரு நாள் தண்ணீரில் ஊற வைத்தேன். பிறகு வடித்து, என் கணவரின் பழைய வேட்டியைக் கிழித்து நனைத்து அதில் மூட்டையாகக் கட்டி, அடுப்படியில் வெதுவெதுப்பான மூலையில் குண்டானைக் கவிழ்த்து மூடினேன். நெல்லை முளைகட்டுகிறவர்கள் கோணிப்பையில் செய்வதைத்தான் செய்தேன். உள்ளே ஊறின கரு, பக்கத்திலிருக்கும் மாவுக்குச் சேதி அனுப்பும். மாவு சர்க்கரையாக மாறிக் கருவுக்குப் போகும். மூட்டைக்குள் கையை விட்டால் சூடு தெரியும். விதை மூச்சு விடுகிற சூடு. அந்தச் சூட்டில் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். காய்ச்சல் அடிக்கும் பிள்ளையைத் தொட்டுப் பார்ப்பது போல் இருந்தது.

புதன்கிழமை மதியம் அவிழ்த்துப் பார்த்தேன். ஒவ்வொரு நெல்லின் அடியிலும் வெள்ளையாக முளை விட்டிருந்தது. எல்லோரும் சாப்பிட்டுவிட்டுப் படுத்திருந்தார்கள். இலக்கியா மருதாணி வைத்த கையைத் தூக்கிப் பிடித்தபடி தூங்கிக்கொண்டிருந்தாள். நான் மூட்டையோடு சாமி அறைக்குள் போய் முதல் கிண்ணத்தின் மண்ணைக் கீறிக்கொண்டிருந்தபோது பின்னால் நிழல் விழுந்தது.

"இன்னா பண்ற லேகா?"

அண்ணி. வாசலை அடைத்துக்கொண்டு நின்றார். நான் பயந்தால் கோபமாகத்தான் பேசுவேன், அது என் பிறவிக் குணம்.

"நெல்லு தெளிக்கறேன். நீங்க கொண்டாந்தது அவிச்ச நெல்லு அண்ணி. அது ஒலகம் அழியற வரைக்கும் மொளைக்காது." அலமாரியில் ஒளித்து வைத்திருந்த தட்டை எடுத்துக் காட்டினேன். "வெட்டிப் பாத்துட்டேன். ஊற வச்ச கையால ஒண்ணும் ஆவல."

அவர் தட்டை வாங்கி ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தார். மில்லுக்காரருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. ஒரு நெல்லை நகத்தால் நசுக்கினார், கடித்துப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது.

"எப்ப தெரியும் ஒனக்கு?"

"திங்கக்கிழமயே."

"அன்னிக்கி பூ கட்ட வந்தவ அப்டி கேட்டாளே. நா வாய தொறக்காம நின்னனே. நீ ஏன்டி சொல்லல?"

"நீங்க அவருகிட்ட பேசிக்கினு இருந்தீங்க. நடுவுல பூந்து பேச மனசு வரல."

அண்ணியின் கண் என் கையிலிருந்த மூட்டைக்குப் போனது. வெளியே யாரோ புரண்டு படுக்கும் சத்தம் கேட்டது. மூட்டையைப் பிடுங்கிக்கொள்ளப் போகிறார், அவரே தூவப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அதுதானே முறை. அவர் திரும்பிப் போய்க் கதவைச் சாத்தி உள்தாழ்ப்பாள் போட்டார். கதவில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

"நீயே தெளி. அஞ்சு கிண்ணத்திலயும் தெளி. எவ வந்து தட்டனாலும் நா பாத்துக்கறேன்."

மண்ணைக் கீறி, முளை ஒடியாமல் ஒவ்வொன்றாகப் பதித்தேன். கண்ணீர் வழிந்து மூக்கு நுனியில் நின்றது. கையில் மண் என்பதால் துடைக்க முடியவில்லை. அண்ணி வந்து தன் முந்தானையால் துடைத்துவிட்டு மறுபடி கதவுக்கே போனார்.

வியாழக்கிழமை மதியம் கிண்ணங்களை மடியில் வைத்துக்கொண்டு வேனில் சிதம்பரம் போனோம். வழியெல்லாம் பள்ளம். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அண்ணி டிரைவரைத் திட்டினார். வெள்ளிக்கிழமை காலை மணவறைக்கு முன்னால் கிண்ணங்களை வைத்தபோது, பயறுகளுக்கு நடுவே நெல் ஊசி ஊசியாக, இளம் பச்சையில், நேராக நின்றிருந்தது.

நான் பெண்கள் வரிசையில் கடைசியில், தூண் பக்கம் நின்றேன். அங்கே நிற்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை. என் கால் தானாகவே அங்கே போனது. மாப்பிள்ளை சித்தார்த்தின் அம்மா பொன்னி குனிந்து கிண்ணத்தைப் பார்த்தார்.

"நெல்லு எவ்ளோ ஜோரா வந்திருக்குது! பயறு யாரு போட்டாலும் வரும். நெல்லு இப்டி சமமா வராது. யாரு கைங்க இது?"

போன வெள்ளிக்கிழமை தெளித்த மற்ற நான்கு பெண்களும் அண்ணியைப் பார்த்தார்கள். முதல் பிடி தூவியவர் அவர்தான். அவர் சொல்லட்டும் என்று சிரித்த முகத்தோடு காத்திருந்தார்கள். சொல்ல வேண்டாம் என்று கண்ணால் கெஞ்சினேன். தாலி ஏறும் வரைக்குமாவது.

தில்லையம்மாள் அண்ணி கொஞ்சம்கூடக் குரலைத் தாழ்த்தவில்லை.

"பொண்ணப் பெத்த அம்மா கை. நா போட்டது ஒண்ணும் வெளங்கல. அவதான் ஊற வச்சா, அவதான் மொளகட்டனா, அவதான் தெளிச்சா."

மணவறையில் உட்கார்ந்திருந்த இலக்கியா திரும்பிப் பார்த்தாள். பொன்னியின் பார்வை என் வெறும் நெற்றிக்கு வந்து ஒரு கணம் நின்றது. என்ன சொல்வாரோ என்று நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அவர் தன் பக்கத்தில் நின்றவர்களைக் கொஞ்சம் நகரச் சொல்லி எனக்கு இடம் விட்டார்.

அதற்குள் அண்ணி முழங்காலைத் தாங்கிக்கொண்டு வரிசையைப் பிளந்து என்னிடம் வந்து, என் கையைப் பிடித்து இழுத்தார்.

"பொண்ணுக்குத் தாலி கட்டப் போறான், இங்க தூணக் கட்டிக்கினு இன்னாத்த பாக்கற? முன்னாடி வா."

நான் போனேன்.